இடதுபுறம் பாருங்கள்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரைக்கு எதிர்வினையாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியபின், எதிர்வினையில் பாதி எனக்கே போய்ச் சேர வேண்டியது என்று தெரிகிறது. நண்பர் தம் வாதத்தை எழுப்பியிருப்பது என் கவிதைகளின் மேல். கட்டடம் கோணல் என்று சொல்ல வருகிறவன், அஸ்திவாரம் போட்டவன் யார் என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். இந்தப் பத்திரிகையின் வட்டத்தில் அப்படி யாரும் இருக்க முடியாது என்றாலும், வழியில் யாராவது தவறி ஏறியிருக்கலாம். காசியைப் பற்றி நான் எழுதிய எட்டுக் கவிதைகள் இதே பத்திரிகையில் வெளிவந்தன. நண்பர் அவற்றிலிருந்து ஒரு கொள்கையை உருவியிருக்கிறார். தமிழ்க் கவிதை அனுபவத்தின் சேற்றில் முழங்கால்வரை புதைந்து நிற்கிறது, ஒரு நகரத்தை, ஒரு வாழ்க்கையை, ஒரு மரணத்தைப் பார்க்க வேண்டுமானால் கரையை விட்டு விலக வேண்டும், படகில் ஏறி நடு ஆற்றுக்குப் போனவனுக்குத்தான் கரை உருவம் கொள்கிறது, விலகலே வடிவம். இதற்கு நண்பர் வைத்திருக்கும் பெயர் ‘படகுப் பார்வை’. சாட்சியாக நிறுத்தியிருப்பது என் ஐந்தாவது கவிதையை. சிதைப் புகையைக் காற்று படிகளின்மேல் இழுத்துக்கொண்டு போவதாக அதில் எழுதியிருந்தேன். அந்தக் காற்றில் காலமே அசைவதாக நண்பருக்குப் பட்டிருக்கிறது. பெருந்தன்மையான வாசிப்பு. நன்றி.

ஆனால் ஒரு சிறு தகவல் பிழை. அன்று நான் உட்கார்ந்திருந்த இடத்தில் காற்று இல்லை.

நான் போனது 2024 ஜனவரியில். காசியில் ஒரு கருத்தரங்கு. முடிந்த மறுநாள் காலை, வந்த எழுத்தாளர்களை உபசரிக்க வேண்டும் என்று அமைப்பாளர்கள் ஓர் உல்லாசப் படகில் டிக்கெட் வாங்கியிருந்தார்கள். துடுப்புப் படகோ பழைய மோட்டார்ப் படகோ இல்லை, 2018இலிருந்து இந்த ஆற்றில் ஓடத் தொடங்கியிருக்கிற சொகுசு ரகம். கீழ்த்தளத்தில் சுற்றிலும் கண்ணாடி, நடுவில் மெத்தை நாற்காலிகள், குளிருக்கு இதமான வெப்பம், காகிதக் கோப்பையில் தேநீர், ஒரு சமோசா. மேல்தளம் திறந்த வெளி. குளிர் என்று யாரும் மேலே போகவில்லை. நானும் போகவில்லை. காற்று இருந்திருந்தால் மேலே இருந்திருக்கும். கண்ணாடிக்கு அப்பால் புகை சாய்வதைப் பார்த்து, காற்றைச் சமோசாவின் எண்ணெய் விரல்களால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இதைத்தான் நண்பர் விலகலின் சாதனை என்கிறார்.

படகு அஸிப் பக்கத்திலிருந்து வடக்கே ராஜ் கட்டம்வரை போய்த் திரும்பியது. கங்கை காசியில் வடக்கு நோக்கி ஓடுகிறது. நகரம் முழுக்க மேற்குக் கரையில், சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கீழ்நோக்கிப் போகிற படகுக்கு நகரம் எப்போதும் இடது பக்கம். ஒலிபெருக்கியில் ஒரு குரல், முதலில் இந்தியில், பிறகு ஆங்கிலத்தில், ‘இடதுபுறம் பாருங்கள்’ என்று சொல்லிக்கொண்டே வந்தது. 80க்கும் மேற்பட்ட படித்துறைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம். யார் கட்டியது, என்ன புண்ணியம். மூன்றாவது வாக்கியம் தொடங்குவதற்குள் அடுத்த துறை வந்துவிடும். வலதுபுறம் பாருங்கள் என்று ஒரு தடவையாவது அந்தக் குரல் சொல்லும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வலதுபுறம் மணல்தான். வெள்ளம் வந்து போகிற வெறும் மணல். அந்த வெறுமை எதிரே கிடப்பதால்தான் காலை வெயில் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து படிகளில் விழுகிறது. காசியின் புகழ்பெற்ற அந்த ஒளி, கட்டப்படாத கரையிலிருந்து வருகிற ஒளி. காட்சிக்குக் காரணமானது காட்சிப் பட்டியலில் இல்லை.

குரல் சொல்லாமல் விட்ட வேறு சிலவும் உண்டு. வருணா, அஸி என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருப்பதால் வாராணசி என்று பெயர் வந்ததாகப் பெருமையோடு சொன்னது. அஸி இன்று சாக்கடையாக ஓடுகிறது என்று சொல்லவில்லை. சற்றுத் தள்ளிப் பதைனியில், நகரத்தின் குடிநீருக்காக ஆற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும் நிலையம் கரையிலேயே நிற்கிறது. எத்தனை லட்சம் வாய்கள் அந்தக் குழாயின் மறுமுனையில் இருக்கின்றன! அதற்கு அரை வாக்கியம்கூட இல்லை. பாண்டே கட்டத்துக்குப் பின்னால் மதன்புரா, நெசவாளர்களின் வட்டாரம். ‘பனாரஸ் பட்டு’ என்று குரல் குழைந்தது. அந்தப் பட்டை நெய்கிறவன் இருக்கிற திசையைக் காட்டவில்லை. காட்டவும் முடியாது. படகிலிருந்து தெரிவது முகப்பு மட்டும். முகப்புக்குப் பின்னால் ஒரு நகரம் இருக்கிறது என்ற சந்தேகமே வராதபடி பார்த்துக்கொள்வதுதான் முகப்பின் வேலை.

இதற்கு நண்பர் என்ன பதில் சொல்வார் என்று தெரியும். ‘சுற்றுலாக்காரனின் படகை வைத்துக் கலைஞனின் படகைக் கேலி செய்கிறாய்.’ சரி, கலைஞனின் படகுக்கே போவோம்.

சேத் சிங் கட்டம் வந்தபோது ‘அழகிய கோட்டை’ என்றது குரல். 1781 ஆகஸ்டில் அங்கே நடந்தது வேறு. பணம் கேட்டு வந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், காசி ராஜாவான சேத் சிங்கை அவர் மாளிகையிலேயே சிறை வைத்தார். காவலுக்கு நின்ற சிப்பாய்களும் அதிகாரிகளும் நகரத்தாரால் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். சேத் சிங் தலைப்பாகைகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, ஆற்றுப் பக்கத்து ஜன்னல் வழியாக இறங்கித் தப்பினார். ஹேஸ்டிங்ஸ் இரவோடிரவாகச் சுனாருக்கு ஓடினார். ஹேஸ்டிங்ஸின் கூட்டத்தில் ஓர் ஓவியர் இருந்தார், வில்லியம் ஹாட்ஜஸ். காசியின் ஆற்றங்கரையை ஐரோப்பியக் கண்களுக்கு முதலில் காட்சியாக்கிக் கொடுத்தவர்களில் ஒருவர். பிறகு டேனியல்கள் வந்தார்கள். பிறகு எத்தனையோ பேர். படிகள், கோபுரங்கள், குடைகள், நீரில் நிழல் எனத் தண்ணீரில் நின்று பார்க்கும் காசி என்ற சித்திரம் அப்படித்தான் தடிமனாகிக்கொண்டு வந்தது. இன்று நாட்காட்டியிலும் விமான நிலையச் சுவரிலும் என் எட்டுக் கவிதைகளிலும் இருப்பது அதே சித்திரம். வரி கேட்டு வந்த படையோடு சேர்ந்து வந்த பார்வை அது. நண்பர் அதைச் ‘சுயமான நவீனப் பார்வை’ என்று அடையாளம் கண்டிருக்கிறார்.

வெள்ளைக்காரன் பார்வை, ஆகவே பொய் என்று சுலபமாக முடித்துவிடவும் நான் தயாரில்லை. ஜேம்ஸ் பிரின்ஸெப்பும் வெள்ளைக்காரர்தான். 1820இல் காசியின் நாணயச் சாலைக்கு வந்து பத்து வருஷம் அங்கே இருந்தார். நகரத்தை அளந்து வரைபடம் போட்டார், ஜனத்தொகை எடுத்தார், பூமிக்கடியில் கழிவுநீர்ச் சுரங்கம் வகுத்தார், பஞ்சகங்கா கட்டத்தின் மேலே நின்ற ஔரங்கசீப் மசூதியின் மினார்களைப் பழுது பார்த்தார். காசியைப் பற்றிய அவருடைய படத் தொகுதி 1830களில் வெளிவந்தது. அந்தப் படங்களில் தெரியும் தெளிவு நடு ஆற்றில் பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை. சாக்கடை எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்தவனுடைய கோடு அது. அந்த மினார்கள் இன்று இல்லை. 20ஆம் நூற்றாண்டில் ஒன்று தானாக விழுந்தது, மற்றது இறக்கப்பட்டது. பிரின்ஸெப்பின் கோட்டில் இரண்டும் நிற்கின்றன. விலகல் என்று ஒன்று கலைக்கு வேண்டும் என்றால் அது இதுதான். பத்து வருஷம் சந்துகளில் அலைந்தபின் கிடைக்கிற விலகல். டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது வேறு சரக்கு.

நண்பரின் அடிப்படைக் குழப்பம் இங்கேதான். விலகலையும் விலகி இருப்பதையும் அவர் ஒன்றாக்கிவிட்டார். முதலாவது, நெருங்கிப்போன ஒருவன் தன்னைத்தானே பிய்த்துக்கொண்டு வந்து நிற்பது; அதில் தோல் கொஞ்சம் உரியும். இரண்டாவது, நெருங்கவே இல்லை என்பதற்கு நாம் வைத்துக்கொண்ட கௌரவமான பெயர். உரிய வேண்டிய தோல் இல்லாதவன் காயம் இல்லாமல் இருப்பதில் என்ன கலை?

ஓர் உதாரணம் சொல்கிறேன். உதாரண புருஷர் என்றே சொல்லலாம். துளசி கட்டத்தில் வாழ்ந்தவர் வீரபத்ர மிஸ்ரா. சங்கட மோசன் கோயிலின் மஹந்த். அதே சமயம் காசி ஹிந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். 1982இல் கங்கையைச் சுத்தப்படுத்துவதற்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆற்று நீரை எடுத்து அதில் எத்தனை மலக்கிருமி என்று எண்ணும் சோதனைக்கூடத்தைத் துளசி கட்டத்திலேயே வைத்தார். அரசின் கங்கைத் திட்டம் 1986இல் இதே காசியின் படித்துறையில் ஆரவாரத்தோடு தொடங்கப்பட்டபோதும், அதன்பின் அது தவறிய இடங்களிலெல்லாமும், எண்களை வைத்துக்கொண்டு வாதாடினார். 2013இல் காலமானார். நீர் குளிக்கத் தகாதது என்று எண்களால் நிரூபித்த அதே மனிதர் அதே நீரில் முழுக்குப் போட்டு வந்தார். அன்னை என்று வணங்கியதும், அன்னையின் நோயை அளந்ததும் ஒரே கை. நண்பரின் தராசில் இவரை எந்தத் தட்டில் வைப்பது? சேற்றிலா, படகிலா? இவர் அளந்த எண்களில் இருக்கிற கொந்தளிப்பில் நூற்றில் ஒரு பங்கு என் எட்டுக் கவிதைகளில் இல்லை. காரணம் எளிது. அவர் இழக்கக்கூடியது அந்தத் தண்ணீரில் இருந்தது. என்னுடையது நாற்காலிக்கடியில், பையில் பத்திரமாக இருந்தது.

‘அதனால் என்ன, பார்ப்பதால் யாருக்கு நஷ்டம்?’ என்று கேட்கலாம். பார்வை வெறும் பார்வையாக நின்றுவிடுவதில்லை என்பதுதான் என் பயம். காசி விசுவநாதர் கோயில் சந்துகளுக்குள் ஒளிந்திருந்தது. அஹல்யாபாய் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில். ஆற்றிலிருந்து வருகிறவன் வளைந்து, முட்டி, மாட்டுக்கு வழிவிட்டு, பூக்கடையிலும் பால்கடையிலும் இடித்துக்கொண்டு, திடீரென்று அதன்முன் போய் நிற்பான். தேடிக் கண்டடைவதற்கென்றே அமைந்த இடம். 2021 டிசம்பரில், லலிதா கட்டத்திலிருந்து கோயில்வரை ஒரு பெருவழி திறக்கப்பட்டது. அதற்காக ஏறத்தாழ 300 கட்டடங்கள் வாங்கப்பட்டு இடிக்கப்பட்டன. இப்போது ஆற்றிலிருந்தே வாசல் தெரிகிறது. படகில் குரல் உற்சாகமாக அதைக் காட்டியது. எல்லோரும் எழுந்து நின்று படம் எடுத்தார்கள்.

இதில் எல்லாமே நஷ்டம் என்று சொல்லும் ரசிக மனோபாவம் எனக்கில்லை. அந்தச் சந்துகளில் வயதானவர்கள் மூச்சுத் திணறியதைப் பார்த்திருக்கிறேன். என் தாயாரே ஒரு சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். வழி அகலமானதில் அவரைப்போன்ற லட்சம் பேருக்கு நிம்மதி. ஆனால் எந்த வழி அகலமாயிற்று, எந்தத் திசையிலிருந்து என்று கேட்க வேண்டாமா? ஆற்றிலிருந்து நகரத்தைப் பார்ப்பது என்ற சித்திரம் 1781இலிருந்து திரும்பத் திரும்பத் தீட்டப்பட்டு, கடைசியில் நகரமே அந்தச் சித்திரத்துக்கு ஏற்றபடி வெட்டித் திருத்தப்பட்டிருக்கிறது. படகுப் பார்வை கரை ஏறிவிட்டது. தசாஸ்வமேதத்தில் மாலை ஆரத்தி பார்க்கிறோமே, வரிசையாக மேடைகள், ஒரே மாதிரி பட்டு, ஒரே சமயத்தில் உயரும் அடுக்கு விளக்குகள். அது இன்றைய பெருவடிவத்தை அடைந்தது 1990களில்தான். ‘எழுத்து’ பத்திரிகை வந்தது 1959. நம் புதுக்கவிதை அந்தப் புராதன ஆரத்தியைவிட 30 வயதாவது மூத்தது! ஆனால் என் மூன்றாவது கவிதையில் அந்த விளக்குகளுக்கு நான் ‘ஆயிரம் வருஷத்து’ என்று அடைமொழி போட்டிருக்கிறேன். யாரும் தடுக்கவில்லை. நாம் எல்லோரும் ஒரே படகில்தானே உட்கார்ந்திருந்தோம்.

நம் விமர்சனத்துக்கும் இதே கதிதான் வந்துகொண்டிருக்கிறது என்பதால்தான் இவ்வளவு கோபம். இன்று இலக்கிய விழா மேடைகளில் நடப்பது என்ன? ‘இடதுபுறம் பாருங்கள், புதுமைப்பித்தன் கட்டம், 1906இல் பிறந்து 1948இல் மறைந்தார், கசப்பும் கேலியும். அடுத்தது மௌனி கட்டம். கோபுரம் சற்றுச் சாய்ந்திருக்கும், படம் எடுத்துக்கொள்ளலாம். இதோ ஜானகிராமன் கட்டம். காவிரி, சங்கீதம், பெண்கள். நகுலன் கட்டம் வருகிறது; இங்கே படகு நிற்காது.’ ஒருவருக்கு இரண்டு வாக்கியம். இறங்கி அந்தப் படிகளில் ஏறுகிறவன் எவ்வளவு மூச்சு வாங்குவான் என்று சொல்ல ஆளில்லை. மௌனியின் ஒரு வாக்கியத்தில் கால் வழுக்கி விழுந்தவன்தான் மௌனியைப் பற்றிப் பேச வேண்டும். சாய்ந்த கோபுரத்தைத் தூரத்திலிருந்து ரசித்தவனுக்குத் தெரிந்தது சாய்வு மட்டும். நண்பரின் கட்டுரை இந்த வழக்கத்துக்குத் தத்துவம் எழுதிக்கொடுத்திருக்கிறது. சோம்பலுக்குத் தத்துவம் கிடைத்துவிட்டால் அப்புறம் அதை அசைக்க முடியாது.

சத்யஜித் ராய் 1956இல் ‘அபராஜிதோ’வில் இதே படித்துறைகளைக் காட்டினார். ஹரிஹரன் படியில் உட்கார்ந்து புராணம் வாசிக்கிறான். ஒருநாள் அதே படிகளில் ஏறும்போது கால் தளர்ந்து சரிகிறான். அந்தக் கணத்தில் காசியின் படி ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று பார்க்கிற நம் முழங்காலுக்குத் தெரிகிறது. படம் நெடுகிலும் ராய் உணர்ச்சியைக் கொட்டவில்லை, விலகித்தான் நிற்கிறார். ஆனால் விலகி நிற்கிற இடம் படிக்கட்டு.

நான் எட்டுக் கவிதைகளில் எழுதாத ஒரு காசிப் பயணம் உண்டு. இதைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் இன்னொரு படகிலிருந்து விட்ட சவடாலாகிவிடும்.

1996 பிப்ரவரியில் அப்பாவின் அஸ்தியை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் போனோம். ஹனுமான் கட்டத்தில் தங்கினோம். தமிழ் பேசுகிற வாத்தியார்களும் தமிழ்ச் சமையலும் இருக்கிற இடம். தகப்பனை இழந்த பாரதி 1898இல் அத்தை வீட்டைத் தேடி வந்து சேர்ந்ததும் அந்தப் பகுதிக்குத்தான். நாலு வருஷம் இருந்து, மீசையும் தலைப்பாகையும் இந்தியும் சமஸ்கிருதமுமாகத் திரும்பினார். பக்கத்தில் கேதார் கட்டத்தில், 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம். இவர்களெல்லாம் காசியைப் பார்க்க வந்தவர்கள் என்று சொல்ல முடியுமா? இருந்தார்கள், அவ்வளவுதான். இருந்ததில் ஏதோ ஒட்டிக்கொண்டது.

கரியை முடித்துவிட்டு, அஸ்தியை நடு ஆற்றில் கரைப்பதற்குப் படகு பேசினோம். சின்னப் படகு; வயதான படகோட்டி; மூங்கில் துடுப்பு. நடு ஆற்றுக்கு வந்ததும் துடுப்பை நிறுத்திவிட்டுத் தெற்கும் வடக்குமாகப் பார்க்காமல் ஹரிச்சந்திர கட்டத்தையே பார்த்தார். அங்கே இரண்டு சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு படகை அரைவட்டம் திருப்பினார். அம்மாவைப் பார்த்து, ‘மாஜி, நீங்கள் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். அங்கே இருந்தால் அவர் உங்கள் முகத்துக்கே திரும்பி வந்துவிடுவார்’ என்றார்.

சிதைப் புகையை வைத்துக் காற்றின் திசையைப் பார்த்திருக்கிறார். சாம்பல் திரும்பி வந்து விதவையின் முகத்தில் விழக்கூடாது. புகை அவருக்குக் காலத்தின் படிமமாக இருக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று சொல்கிற புகை. சாம்பலை ‘அது’ என்றும் சொல்லவில்லை, ‘அவர்’ என்றார். அம்மா இடம் மாறி உட்கார்ந்தாள். நான் கலயத்தைக் கவிழ்த்தேன். அப்படியும் கொஞ்சம் என் சட்டைக் கையில் ஒட்டியது. தட்டிவிட்டேன், தட்டிவிட்டபின் அப்படித் தட்டியிருக்கக் கூடாது என்று பட்டது.

இதுவும் படகுதான். நண்பர் சொல்கிற நடு ஆறுதான். கரை, கோபுரம், படிகள், எல்லாம் தெரியத்தான் தெரிந்தன. ஆகவே படகின்மேல் எனக்குப் புகார் இல்லை. அந்தப் படகோட்டியைப்போல விலகி நின்று பார்த்தவன் யாரும் இல்லை. இறந்தவர் அவருக்கு உறவில்லை. கூலி பேசித்தான் வந்தார். ஆனால் அந்த விலகல் முழுவதும் ஒரு பெண்ணின் முகத்தில் சாம்பல் விழாமல் இருப்பதற்காகச் செலவழிந்தது. நான் கேட்பது இவ்வளவுதான்: நம் விலகல் எதற்காகச் செலவழிகிறது? அடுத்த இதழில் ஒருவர் பாராட்டுவதற்காகவா?

இந்தச் சம்பவத்தை நான் எழுதவில்லை. எழுதினால் ‘உணர்ச்சிவசம்’ என்பார்கள், நம் வட்டத்தில் அது தீட்டு என்று பயந்தேன். 28 வருஷம் கழித்து, அதே ஹரிச்சந்திர கட்டத்தைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கடந்தபோது, அதே புகை சாய்வதைக் கண்டேன். அப்பாவையும் அம்மாவையும் படகோட்டியையும் கழித்துவிட்டு, மிச்சமிருந்த புகையையும் காற்றையும் மட்டும் எடுத்துக் கவிதையாக்கினேன். கழித்ததை வடிவம் என்று நானே நம்பினேன். நண்பரும் நம்பியிருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை, கண்ணாடி அவ்வளவு சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. சேற்றுக்குப் பயந்து நாம் எழுதாமல் விட்டவற்றைப் பட்டியல் போட்டால், எழுதியவற்றைவிட அது கனமாக இருக்கும் என்று இப்போது சந்தேகிக்கிறேன். இந்தச் சந்தேகத்துக்கு நண்பர் பதில் எழுத வேண்டும். ‘படகுப் பார்வை’க்கு இன்னொரு விளக்கம் எழுத வேண்டாம்.

பஞ்சகங்கா கட்டத்தில் குரல் கபீரைப் பற்றிச் சொன்னது. ராமானந்தரின் உபதேசம் தனக்குக் கிடைக்காது என்று தெரிந்த கபீர், விடியுமுன் இருட்டில் அந்தப் படியில் படுத்துக்கொண்டாராம். குளிக்க இறங்கிய குரு தெரியாமல் மிதித்துவிட்டு ‘ராம்’ என்றாராம். அதுவே உபதேசமாயிற்று. கதைதான். ஆனால் கதையை உருவாக்கியவர்களுக்கு இந்தப் படிக்கட்டு எதற்கு என்று தெரிந்திருக்கிறது. இருட்டு, ஒன்றும் தெரியவில்லை, ஒருவன் படுத்திருக்கிறான், ஒருவர் மிதிக்கிறார். அங்கே கண்ணுக்கு வேலையே இல்லை. குரல் இரண்டு வாக்கியத்தில் இதை முடித்துவிட்டு, பிஸ்மில்லா கான் ஷெனாய் பயின்ற பாலாஜி கோயிலும் இங்கேதான் என்று சேர்த்துக்கொண்டது. படகு நிற்கவில்லை. நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை.

எட்டுக் கவிதைகளும் ஒரு தொகுப்பில் வருவதாக ஏற்பாடு. ஐந்தாவதை எடுத்துவிடும்படி பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். மூன்றாவதில் ‘ஆயிரம் வருஷத்து’ என்பதை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அடித்தபின் அந்தக் கவிதையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தேன், அதிகமில்லை. மற்ற ஆறையும் இன்னும் ஒரு தடவை படிக்க வேண்டும்.